மனசில்லாமல் போட்ட கையெழுத்து: கட்டாயத்தை அடையாளம் காண்பது எப்படி

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் என்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். மேஜை மேல் ஒரு தாள், பக்கத்தில் மூடியைக் கழற்றித் தயாராக வைத்த ஒரு பேனா. தாளில் என் பெயரில் ராஜினாமாக் கடிதம் ஏற்கெனவே டைப் செய்யப்பட்டிருந்தது, "சொந்தக் காரணங்களுக்காக, என் முழு விருப்பத்துடன்" என்று. எதிரில் இரண்டு பேர். யாரும் குரலை உயர்த்தவில்லை. "நீங்களே எழுதிக் கொடுத்துட்டா உங்களுக்குத்தான் நல்லது. இல்லன்னா நாங்க வேற மாதிரி பண்ண வேண்டியிருக்கும். அடுத்த இடத்துல இருந்து உங்களைப் பத்தி விசாரிச்சா நாங்க என்ன சொல்லணும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க" என்றார் ஒருவர். பத்து நிமிஷம் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் சொன்னதும் வந்த முதல் கேள்வி: "போட்டது நீங்கதானே? யாராவது கையைப் பிடிச்சு அழுத்தினாங்களா?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. யாரும் கையைப் பிடிக்கவில்லை என்பது உண்மை, நான் விரும்பிப் போடவில்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று அதற்கப்புறம் நிறைய யோசித்தேன், தேடித் தேடிப் படித்தேன். அதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முழிக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, அதனால் சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் பொதுவான போக்கு மட்டும்தான். உங்கள் நாட்டுச் சட்டத்தை அது தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்லை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள்

தமிழில் இதற்குச் சொற்கள் ஏராளம், சிக்கலே அங்கேதான். "கட்டாயம் வர்றேன்" என்று சந்தோஷமாகச் சொல்கிறோம், அங்கே கட்டாயம் என்றால் நிச்சயம், அவ்வளவுதான். வந்தவரை "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க" என்று வற்புறுத்துகிறோம். அதே வற்புறுத்தல்தான் பத்திரத்தில் "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி" என்று முகத்தைக் கடுகடுவென வைத்துக்கொண்டு நிற்கிறது. நிர்ப்பந்தத்துக்கு ஆளே தேவையில்லை, சூழ்நிலையும் நிர்ப்பந்திக்கும். பலவந்தம் என்றால் உடம்பின் மேல் கை வைத்தாகிவிட்டது. மிரட்டல் என்றால் வாய் திறந்து சொல்லியாகிவிட்டது. ஆக "என்னைக் கட்டாயப்படுத்தினாங்க" என்று நீங்கள் சொன்னால் அதில் பாசமான நச்சரிப்பில் தொடங்கி கழுத்தில் கத்தி வரைக்கும் எது வேண்டுமானாலும் அடங்கும், கேட்கிறவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்.

அதனால் முதலில் அந்தச் சொல்லைத் தள்ளி வைத்துவிட்டு நடந்ததை மட்டும் எழுதிப் பாருங்கள். யார் கேட்டார். என்ன கேட்டார். மறுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் புரிய வைத்தார். அதைச் செய்து காட்டும் சக்தி அவரிடம் இருந்ததா. இது அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. அந்த அரைப் பக்கத்தை எழுத முடியவில்லை என்றால், அதாவது மூன்றாவது கேள்விக்கு எவ்வளவு யோசித்தும் எதுவும் வரவில்லை என்றால், நடந்தது ஒருவேளை வேறு ஏதோ: கூச்சம், சலிப்பு, "போகட்டும் விடு" என்ற மனநிலை. அதுவும் கஷ்டம்தான், ஆனால் அது கட்டாயம் இல்லை.

கவனித்தீர்களா, அந்தக் கேள்விகளில் "சரி என்று சொன்னீர்களா" என்பது இல்லவே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். கட்டாயத்தில் மாட்டியவர்கள் எல்லோருமே சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள், அதற்காகத்தானே கட்டாயப்படுத்துவது. "ஆமாம்" எதையும் காட்டாது. "இல்லை"க்கு என்ன விலை வைத்திருந்தார்கள் என்பதுதான் காட்டும். கட்டாய உழைப்பு பற்றி 1930இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 29ஆம் எண் ஒப்பந்தத்தில் இதே அமைப்பைப் பார்க்கலாம்: ஏதாவது ஒரு தண்டனையைக் காட்டி அச்சுறுத்தி வாங்கிய வேலையாக இருக்க வேண்டும், அந்த ஆள் தானாக முன்வராததாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அதற்குக் கட்டாய உழைப்பு என்று பெயர். தண்டனை என்றால் அடி, சிறை மட்டும் இல்லை, உரிமையோ சலுகையோ பறிபோவதும் தண்டனைதான் என்று அந்த அமைப்பே விளக்கியிருக்கிறது.

கையைப் பிடித்து அழுத்தினார்களா?

வீட்டில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒருவர் உங்கள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் அழுத்திவிட்டால் அது உங்கள் செயலே இல்லை. உங்கள் விரல் அங்கே வெறும் ரப்பர் ஸ்டாம்ப், மனசுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் "போடு, இல்லாவிட்டால் பார்" என்று சொல்லி நீங்கள் போட்டால், யோசித்தது நீங்கள், கணக்குப் போட்டது நீங்கள், பேனாவை எடுத்தது உங்கள் கை. இந்த வித்தியாசத்தை அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே பிடித்துவிட்டார். காற்று ஒருவனைத் தூக்கிக்கொண்டு போனால் அது அவன் போனது ஆகாது. ஆனால் புயலில் கப்பல் மூழ்காமல் இருக்க மாலுமி சரக்கைக் கடலில் எறிகிறானே, அது? சும்மா இருக்கும்போது எவனும் சரக்கைக் கடலில் எறிய மாட்டான், அந்த நேரத்தில் புத்தியுள்ள எவனும் எறிவான். இது கலப்புச் செயல் என்றார் அவர், அந்தக் கணத்தில் தேர்ந்தெடுத்துச் செய்வதால் விரும்பிச் செய்ததன் பக்கம்தான் அதிகம் சாய்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு இது ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. என் ராஜினாமாவை "விரும்பிச் செய்தது" பக்கம் தள்ளுகிறாரே மனுஷன் என்று. அப்புறம்தான் புரிந்தது, அவர் சொல்வதில் எனக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டதால் நான் கோழை என்றோ, மூளை வேலை செய்யவில்லை என்றோ அர்த்தமில்லை. மூளை நன்றாகவே வேலை செய்தது, அதனால்தான் போட்டேன். கட்டாயம் மனசை அணைத்துவிடுவதில்லை. மனசு எந்த இரண்டுக்கு நடுவில் தேர்ந்தெடுக்கலாம் என்பதை இன்னொருவர் முடிவு செய்துவிடுகிறார். ஆகவே அடுத்த தடவை யாராவது "கையைப் பிடிச்சாங்களா" என்று கேட்டால், "பிடிக்கல, பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாம பண்ணிட்டாங்க" என்று சொல்லுங்கள்.

மிரட்டலா, பேரமா

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுவார்கள், நான் உட்பட. "இதைச் செய்தால் அதைத் தருகிறேன்" என்பது பேரம். "இதைச் செய்யாவிட்டால் அதைப் பறிப்பேன்" என்பது மிரட்டல். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகவும் சொல்லலாம். "கையெழுத்துப் போட்டால் நல்ல சான்றிதழ் தருகிறோம்" என்றால் பேரம் மாதிரி இருக்கிறது. "போடாவிட்டால் தர மாட்டோம்" என்றால் மிரட்டல் மாதிரி இருக்கிறது. விஷயம் ஒன்றேதான்.

அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோஸிக் 1969இல் இதற்கு ஒரு வழி காட்டினார். அந்த ஆள் குறுக்கே வராமல் காரியங்கள் அதன் போக்கில் நடந்திருந்தால் உங்கள் நிலைமை என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்னது அந்தக் கோட்டுக்கு மேலே உங்களைத் தூக்குவதாக இருந்தால் பேரம். மறுத்தால் கோட்டுக்குக் கீழே தள்ளுவேன் என்றால் மிரட்டல். கோட்டை எங்கே போடுவது என்பதுதான் சண்டையே. தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருப்பவனிடம் படகில் வந்த ஒருவன், "உன் சொத்தையெல்லாம் எழுதிக் கொடு, தூக்கி விடுகிறேன்" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு வராமல் இருந்திருந்தால் செத்திருப்பான், அப்படிப் பார்த்தால் இது பேரம், இன்னும் சொல்லப்போனால் உபகாரம். ஆனால் மூழ்குகிறவனைத் தூக்கிவிடுவது மனுஷனாகப் பிறந்தவன் செய்ய வேண்டிய கடமை என்று கோட்டைப் போட்டால், கடமையை நிறுத்தி வைத்துக் காசு கேட்கிறான், மிரட்டல். நான் இரண்டாவது கோட்டைத்தான் போடுவேன். உங்களுக்குச் சேர வேண்டியதை உங்களுக்கே விற்கிறார்களா என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். எனக்கு எழுந்த கேள்வியும் அதுதான்: பார்த்த வேலைக்கு உண்மையான சான்றிதழ் எனக்குச் சேர வேண்டியது. அதை வைத்துத்தான் பேசினார்கள்.

"எங்களுக்கு உரிமை இருக்கிறதைத்தான் செய்வோம்னு சொன்னோம், அதுல என்ன தப்பு" என்பது அடுத்து வரும் வாதம். இதற்கு மயங்காதீர்கள். ஒருவர் செய்த தப்பைப் போலீசில் சொல்வது சட்டப்படி சரி. ஒருவரிடம் பணம் கேட்பதும் சரி. "பணம் கொடு, இல்லாவிட்டால் போலீசில் சொல்வேன்" என்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். இரண்டு சரிகளைச் சேர்த்தால் எப்படித் தப்பு வரும் என்று சட்டம் படித்தவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குத் தெரிய வேண்டியது, தப்பு வரும் என்பது.

சூழ்நிலையின் நெருக்கடி வேறு. வேலை போய்விட்டது, கையில் காசில்லை, பிடிக்காத வேலையை ஒத்துக்கொண்டேன் என்றால் அங்கே யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நிலைமை நெருக்கியது. ஆனால் அந்த நெருக்கடியை உண்டாக்கியவரே வந்து கதவைத் தட்டி "ஒரு வழி இருக்கு" என்றால் மறுபடி அந்த அரைப் பக்கத்தை எடுத்து எழுதுங்கள்.

வாயைத் திறக்காத மிரட்டல்

மிரட்டல் என்றால் மிரட்டும் வார்த்தை இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, "அவர் ஒண்ணும் தப்பா சொல்லலையே" என்று தன்னையே குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். கொடுங்கோன்மை அதிகாரத்தில் 552ஆவது குறள் இதை நேராகப் போட்டு உடைக்கிறது: கோலோடு நிற்கும் அரசன் குடிகளிடம் கேட்பது, வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரன் "கொடு" என்பதைப் போன்றது. கவனியுங்கள், அரசன் அங்கே மிரட்டவில்லை. இரவு என்பதுதான் குறளில் உள்ள சொல், யாசிப்பது. கையில் கோல் இருக்கிறவன் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் கேட்கிறவன் காதில் வேல்தான் விழும். மேலதிகாரி சிரித்துக்கொண்டே "ஒரு சின்ன உதவி" என்னும்போது உங்கள் வயிற்றில் ஏதோ கனக்கிறதே, அது இதுதான். வார்த்தையைப் பார்க்காதீர்கள், கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. தன்னையே ஆயுதமாக்கிக்கொள்வது. "நீ இதுக்கு ஒத்துக்கலன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்." இங்கே கெடுதல் வரப்போவது சொல்கிறவருக்குத்தானே, உங்களுக்கு இல்லையே, அப்புறம் எப்படி மிரட்டல் ஆகும்? 1917இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்படியே ஒரு வழக்கு வந்தது. ஒருவர் தற்கொலை செய்துகொள்வதாகச் சொல்லி, மனைவியையும் மகனையும், அவர்கள் தங்களுடையது என்று சொல்லிய சொத்தைத் தன் சகோதரருக்கு விட்டுக்கொடுத்து எழுதித்தர வைத்தார். அது வற்புறுத்தல்தான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள், ஒருவர் மட்டும் மாறுபட்டார். அப்படிச் சொல்கிறவரின் வேதனை நிஜமாகவும் இருக்கலாம், அதனால் அந்தப் பேச்சை அலட்சியப்படுத்தாமல் உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். உயிரைக் காப்பாற்றுவது ஒன்று, கேட்டதை எழுதிக் கொடுப்பது வேறொன்று. முதலாவதை உடனே செய்யலாம், இரண்டாவதை அந்த ராத்திரியே செய்ய வேண்டியதில்லை.

தாள் என்ன சொல்கிறது என்பதை நம்பாதீர்கள்

1939 மார்ச் 15, பெர்லின், நள்ளிரவு தாண்டிவிட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜனாதிபதி எமில் ஹாச்சா, அறுபதைத் தாண்டியவர், உடம்பு சரியில்லாதவர், ஹிட்லர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நாட்டை ஒப்படைக்காவிட்டால் பிராக் நகரத்தின் மேல் குண்டு விழும் என்கிறார் ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங். ஹாச்சா மயங்கி விழுகிறார். ஹிட்லரின் டாக்டர் மோரெல் ஊசி போட்டு எழுப்புகிறார். பிராகுக்குப் போன் போட்டுப் பேச வைக்கிறார்கள். அதிகாலை 4 மணி வாக்கில் கையெழுத்து விழுகிறது. அந்தத் தாளில் என்ன இருந்தது தெரியுமா? செக் மக்களின் தலைவிதியை நம்பிக்கையுடன் ஜெர்மன் தலைவரின் கைகளில் வைப்பதாக இருந்தது. நம்பிக்கையுடன்!

இதைப் படித்தபோது எனக்கு அந்த டைப் செய்த "முழு விருப்பத்துடன்" ஞாபகம் வந்தது. (என் கதையை நாடு பறிபோன கதையோடு ஒப்பிடுகிறேன் என்று நினைக்காதீர்கள், தாளின் மொழியைத்தான் சொல்கிறேன்.) நிஜமாகவே விருப்பத்தோடு வேலையை விடுகிறவர் "விருப்பத்தோடு விடுகிறேன்" என்று எழுத மெனக்கெடுவதில்லை. அந்த வரி அங்கே யாருக்காக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், தாளில் ஏறாதவை: எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு எதிரில், கூட யார் இருக்க விட்டார்கள், எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், போன் எங்கே இருந்தது, தூங்க விட்டார்களா. தனிமை, அசதி, அவசரம் மூன்றும் ஒரே அறையில் சேர்ந்திருந்தால் அங்கே நடந்த சம்மதத்தைச் சந்தேகப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. 1969இன் வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கையின் 51, 52ஆம் பிரிவுகள், ஒரு நாட்டின் பிரதிநிதியை மிரட்டியோ அந்த நாட்டையே படைபலத்தால் மிரட்டியோ வாங்கிய ஒப்பந்தம் செல்லாது என்கின்றன.

இப்போது நம் பக்கம்

இந்தப் பகுதி கொஞ்சம் கசக்கும். "எனக்கு வேற வழியே இல்லை" என்று நாம் சொல்லும் எல்லா நேரத்திலும் வேறு வழி இல்லாமல் இல்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அளவு கூடும் (அதிர்ச்சி பொய், கொடுப்பவருக்கு மட்டும் அது தெரியாது). 1963இல் வெளியான முதல் அறிக்கையில் 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரைக்கும் போனார்கள். எல்லோரும் சொல்வது இந்த எண்ணைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விவரங்கள். ஒன்று, வந்ததற்கான 4.50 டாலர் அவர்களுக்கு முன்னாலேயே கொடுக்கப்பட்டுவிட்டது, என்ன நடந்தாலும் அது அவர்களுடையது என்று சொல்லியும் ஆயிற்று. எழுந்து போனால் இழப்பதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டு, தயங்கியவர்களிடம் சோதனையை நடத்தியவர் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் நான்குதான், அதில் கடைசி வாக்கியம்: உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும். கதவு திறந்திருக்கும்போது அப்படி ஒரு வாக்கியம்.

அந்த அரைப் பக்கத்தை அவர்கள் எழுதியிருந்தால் மூன்றாவது கேள்விக்குப் பதில் வெற்றிடம். அது கட்டாயம் இல்லை, கீழ்ப்படிதல். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும், உள்ளே இருந்து பார்த்தாலும் ஒன்று மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. நான் என் பழைய கணக்குகளைத் திருப்பிப் பார்த்தபோது, "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லி நான் செய்த ஒன்றிரண்டு காரியங்களில் மேலிடம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்பது தெரிந்தது.

சரி, நிஜமாகவே கட்டாயம்தான் என்றால் செய்த எதற்கும் பொறுப்பில்லையா? அப்படியும் இல்லை. எதைச் செய்ய வைத்தார்கள் என்பதையும் எதிர்த்தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். உயிருக்குப் பயந்து பர்ஸைக் கொடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 1995 ஜூலையில் போஸ்னியாவில், ஸ்ரெப்ரெனிட்சா நகரம் விழுந்த பிறகு பிடிபட்ட கைதிகளைச் சுட்ட ஒரு சிப்பாய், தான் மறுத்தபோது "பாவமா இருந்தா நீயும் அவங்களோட வரிசையில போய் நில்லு" என்று சொன்னார்கள் என்றான். யூகோஸ்லாவியா போர்க்குற்றங்களுக்கான சர்வதேச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு 1997இல் 3க்கு 2 என்று பிரிந்தது: அப்பாவிகளைக் கொன்ற சிப்பாயைக் கட்டாயம் முழுதாக விடுவிக்காது, தண்டனையைக் குறைக்கலாம் என்றது பெரும்பான்மை. பத்து வருஷமாக இருந்த தண்டனை 1998இல் ஐந்தாகக் குறைந்தது. ஐந்து நீதிபதிகளே ஒத்துப்போக முடியாத இடம் இது, நானும் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது

உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் கீழே உள்ளது எதுவும் வேண்டாம். கேட்டதைக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். தப்பித்து வந்தவரால்தான் அப்புறம் எதையும் ரத்து செய்ய முடியும்.

அந்த அளவுக்கு இல்லை என்றால், முதலில் நேரம் வாங்குங்கள். "நாளைக்குக் காலையில சொல்றேன்" என்பதை மூன்று தடவை, ஒரே குரலில், காரணம் சொல்லாமல் சொல்லிப் பாருங்கள். காரணம் சொன்னால் காரணத்தோடு வாதாடுவார்கள். நாளை வரைக்கும் காத்திருக்க முடியாத நியாயமான காரியம் உலகத்தில் ரொம்பக் குறைவு. அப்புறம் அவர்கள் மறைமுகமாகச் சொன்னதை வெளிப்படையாகத் திருப்பிக் கேளுங்கள்: "நான் போடலன்னா என்ன பண்ணுவீங்க, சரியா சொல்லுங்க." சுற்றி வளைத்து மிரட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது, பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். மீதிப் பேர் சொல்லிவிடுவார்கள், அப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் அவர்கள் வாயாலேயே கிடைத்துவிடும்.

கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு தடயத்தை விட்டுவிட்டு வாருங்கள். 1672இல் ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் நகரத்தில் கோபக் கூட்டம் சூழ்ந்து நின்று கையெழுத்துக் கேட்டபோது கொர்னேலிஸ் டி விட் என்ற அரசியல்வாதி தன் பெயரோடு வி.சி. என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். வி கோஆக்டஸ், லத்தீனில் "பலத்தால் நிர்ப்பந்திக்கப்பட்டு". 1966இல் வட வியட்நாமில் பிடிபட்டிருந்த அமெரிக்கக் கடற்படை விமானி ஜெரமையா டென்டனைக் கேமரா முன்னால் பேச வைத்தபோது, வாய் பேசிக்கொண்டிருக்க, அவர் கண் இமைகள் மோர்ஸ் குறியீட்டில் "சித்திரவதை" என்று சிமிட்டிக்கொண்டிருந்தன. உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். விட்டால் "ஆட்சேபணையுடன்" என்று ஒரு சொல். நான் நேரத்தை மட்டும் எழுதினேன், 6.50 என்று. ராஜினாமாக் கடிதத்தில் எவன் மணி போடுகிறான்?

வெளியே வந்ததும் தூங்கப் போகாதீர்கள், அந்த அரைப் பக்கத்தை அன்றைக்கே எழுதி, கட்டாயப்படுத்தியவர்களுக்கும் உங்களுக்கு வேண்டிய ஒருவருக்கும் அனுப்புங்கள். இது ஏன் இவ்வளவு அவசரம் என்றால், பொதுவாகச் சட்டத்தில் கட்டாயத்தில் போட்ட ஒப்பந்தம் தானாகவே காற்றில் கரைந்துவிடாது. மாட்டியவர் வந்து "எனக்கு இது வேண்டாம்" என்று சொன்னால்தான் ரத்தாகும். சும்மா இருந்தால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். 1978இல் இங்கிலாந்தில் ஒரு கப்பல் வழக்கில் இதுதான் நடந்தது: கப்பல் கட்டுகிறவர்கள் பாதியில் 10 சதவீதம் கூடக் கேட்டார்கள், வாங்குகிறவர்கள் வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். அது பொருளாதாரக் கட்டாயம்தான் என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. ஆனால் கப்பல் கைக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு வந்தீர்களே என்று கேட்டு, பணம் திரும்பக் கிடைக்காது என்று சொல்லிவிட்டது. மிரட்டல் விலகிய நாளிலிருந்து உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

நான் அன்று ராத்திரியே எழுதி அனுப்பினேன். பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. "சொந்தக் காரணங்களுக்காக" என்ற வரி இல்லாத வேறொரு கடிதமும், ஒழுங்கான சான்றிதழும் கொடுத்தார்கள்.

நீங்கள் கேட்கிற பக்கத்தில் இருந்தால்

நம் கையில் கோல் இருப்பது நமக்குத் தெரியாது, எதிரில் இருப்பவருக்குத்தான் தெரியும். இப்போது எனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். விடுமுறை நாளில் யாராவது வர வேண்டியிருந்தால் நான் மேஜை முன்னால் போய் நின்று கேட்பதில்லை, மற்றவர்கள் முன்னாலும் கேட்பதில்லை. எழுதி அனுப்புகிறேன், பதில் சொல்ல ஒரு நாள் விடுகிறேன், "முடியாதுன்னா முடியாதுன்னு மட்டும் போடுங்க, காரணம் வேண்டாம்" என்று கடைசியில் சேர்க்கிறேன். முடியாது என்று யாராவது சொன்னால் மறுநாள் என் முகம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் கஷ்டமான பகுதி, ஏனென்றால் அடுத்த ஐந்து பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் மூன்று மாதம் கேட்டவர்கள் எல்லோரும் சரி என்றே சொன்னார்கள், எனக்கு அது அவ்வளவாக நல்லதாகப் படவில்லை. நான்காவது மாதம் ஒருவர் "முடியாது சார்" என்று ஒரே வரியில் பதில் போட்டார். நான் வேறொருவரைக் கேட்டேன், அவரும் முடியாது என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நானே போய் வேலையை முடித்தேன்.